ஒரே வயல், பத்துக் கண்டுமுதல்

லாயிட் கொரோலுக்கின் நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள் என்ற செய்தி கனடாவின் சாஸ்கட்டூன் நகர மருத்துவமனையிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவனுடைய கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் அறுப்புக்குத் தயாராக நின்றது. அதன்பிறகு யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பக்கத்து நிலக்காரன் மர்வின் ஹாகன் நாலு பேருக்கு போன் செய்தான். அந்த நாலு பேர் மற்றவர்களுக்குச் செய்தார்கள். வியாழக்கிழமை காலை பனி உலர்ந்ததும் பன்னிரண்டு கம்பைன் அறுவடை இயந்திரங்கள் கொரோலுக் வீட்டுச் சரளைச் சாலையில் வரிசை கட்டி நின்றன.

வந்தவர்கள் எல்லோருமே தங்கள் பயிரை அறுக்காமல் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். செப்டம்பர் கடைசியில் அறுப்புக்கு ஏற்ற வெயில் நாள் ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அவன் பயிரை ஊர் அறுத்துக் கொடுக்கும். நன்றி சொன்னால் கூச்சப்பட்டுக் காலால் மண்ணைக் கிளறுவார்கள். வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும்.

லாயிட்டின் மனைவி வெர்னா சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. வரும் வருஷத்துக்கு என்ன விதை வாங்குவது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

வெர்னாவின் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். அவள் நிலத்துக்கு வந்தது லாயிட்டைக் கட்டிக்கொண்டபோதுதான். இருபத்தாறு வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். தாமதமாக வரும் பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் அவள் மேஜையைத் தாண்டித்தான் வகுப்புக்குள் போகும். ஒரே பேருந்தில் வந்த மூன்று பிள்ளைகள் மூன்று காரணம் சொன்னால் அவள் திட்டமாட்டாள். மூவரையும் ஒன்றாக நிற்கவைத்து மறுபடி சொல்லச் சொல்லுவாள். ஓய்வு பெற்ற பிறகும், அதற்கு முன்னும், அறுப்புக் காலத்தில் தானிய லாரி ஓட்டுவது அவள் வேலை. ஆனால் விதை லாயிட்டின் இலாகா. குளிர்காலம் முழுவதும் கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த ரகம் எவ்வளவு கண்டது என்று கேட்டுக் கேட்டு, ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு எண்ணைச் சொல்லுவான். அவ்வளவுதான்.

இந்த முறை படுக்கையிலிருந்தே, மூக்கில் குழாயோடு, "நீயே முடிவு பண்ணிடு வெர்னா. டாக்டர் என்னைக் கவலைப்படக்கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிவிட்டான்.

"அதனால கவலைய எனக்குக் குடுத்துட்ட."

"உனக்கு இதயம் நல்லாத்தானே இருக்கு."

விஷயம் இதுதான். லாயிட் சில வருஷமாக விதைப்பது ஒரு பழைய ரகம். பெயர் நீளமான எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஊரில் எல்லோரும் கடைசி இரண்டு எண்ணை வைத்து நாற்பத்தாறு என்பார்கள். புதிதாக வந்திருப்பது எழுபத்தொன்று. விதைக் கம்பெனியின் சோதனைப் பாத்திகளில் அது நாற்பத்தாறைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடுதலாகக் கண்டிருக்கிறது என்று புத்தகம் போட்டிருந்தார்கள். விலையும் அதற்கேற்றபடி கூடுதல். கம்பெனியின் விதை முகவர் ஜோயல், எல்லோரும் பார்க்கட்டும் என்று, கொரோலுக் வயலிலேயே சாலையோரமாக இருபது ஏக்கர் பட்டையில் எழுபத்தொன்றை விதைக்கச் சொல்லி இலவசமாகக் கொடுத்திருந்தான். மிச்சம் நூற்றுச்சொச்ச ஏக்கரும் நாற்பத்தாறு. சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் அந்தப் பட்டைக்கு முன்னால் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். லாயிட்டுக்கு அதில் ஒரு பெருமை.

முழு நிலத்துக்கும் எழுபத்தொன்று போட்டு அது காலை வாரினால் ஒரு வருஷம் போச்சு. போடாமல் விட்டு ஊரெல்லாம் கூடுதலாகக் கண்டால், உடம்பு தேறி வருகிறவனிடம் என்ன சொல்வது?

காலையில் மர்வின்தான் முதலில் இறங்கினான். அவனுடைய கம்பைன் ஊரிலேயே புதியது, சிவப்பு, வீடு மாதிரி உயரம்; அறுக்க அறுக்க ஏக்கருக்கு எவ்வளவு என்று கணித்துக் காட்டும் திரை உள்ளே. நேராகச் சாலையோரப் பட்டைக்குள் விட்டான். மற்றவர்கள் உள்ளே பரவினார்கள். தூசி எழும்பி வெயிலை மஞ்சளாக்கியது. வெர்னா லாரியை ஓட்டிக்கொண்டு களஞ்சியத்துக்கும் வயலுக்குமாகப் போய் வந்தாள். தானியம் கறுப்பு மணலாகக் கொட்டியது.

சாப்பாட்டு நேரத்துக்கு ஜோயல் வந்து சேர்ந்தான். வண்டியை நிறுத்தியவன் இறங்கி வயலைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"பட்டைய அறுத்துட்டீங்களா? தானியத்த எடை போடற வண்டி நாளைக்குத்தானே வருது!"

"நாளைக்கு மழைன்னு ரேடியோல சொல்றான். உன் எடை வண்டிக்காக லாயிட் பயிரு நனையணுமா?" என்றான் மர்வின், லாரியின் பின்பலகையில் தட்டை வைத்தபடி. "எதுக்கு உனக்கு எடை? என் திரையில இருக்கு. அறுபத்தொண்ணு!"

அந்த ஊர்த் தானிய அளவில், ஏக்கருக்கு அறுபத்தொரு புஷல். ஜோயலின் முகம் மறுபடி மலர்ந்தது.

"அறுபத்தொண்ணா? நிஜமாவா?"

"மரத்துக்கிட்ட அறுபத்தெட்டெல்லாம் அடிச்சுது தம்பி. நான் என் நிலம் முழுக்க எழுபத்தொண்ணுதான் சொல்லிவச்சிருக்கேன். வெர்னா, நீயும் சொல்லிடு, தீர்ந்துபோற சரக்கு."

வெர்னா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். மர்வின் பள்ளியில் அவளோடு படித்தவன். இன்று தன் டீசலை எரித்து அவள் பயிரை அறுக்கிறான். அவன் சொல்வதைச் சந்தேகப்படுவது நன்றி கெட்டதனம் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் சாலையோரத்து மரவரிசையைச் சுட்டி அவன் சொன்ன 'மரத்துக்கிட்ட' என்ற சொல் அவள் மண்டையில் எங்கோ இடித்தது.

அப்போது போன் அடித்தது. லாயிட்.

"ஏக்கருக்கு எவ்வளவு காணுது?" வணக்கம்கூட இல்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டாள். அணைக்கவில்லை. முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டிய ஹோலுப்சித் தட்டை எடுத்துக்கொண்டு ஆளாளுக்குப் பரிமாறிக்கொண்டே போனாள்.

"டுவேன், உன் திரையில நாற்பத்தாறு எவ்வளவு காட்டுது?"

"அம்பத்தஞ்சு சராசரி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் தம்பி வேட் வாயில் உணவோடு நிமிர்ந்தான். "என்னது? எனக்கு நாப்பத்துநாலு."

"நீ எந்த மூலையில அறுத்த?"

"உன் பக்கத்துல! காலையிலேருந்து உன் தூசியத்தான் தின்னுட்டிருக்கேன். நீ போன நடைக்கு அடுத்த நடை என்னுது."

"அப்ப உன் மிஷின் பொய் சொல்லுது."

"உன்னுது பொய் சொல்லுதுன்னு வச்சுக்கலாமே. போன வருஷம் காபி மேஜையில அம்பத்தொம்பதுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தியே. என் பொண்டாட்டி என்னைய, உங்க அண்ணன்கிட்ட கத்துக்கோன்னு ஒரு குளிர்காலம் முழுக்கச் சொன்னா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஏனென்றால் ஆளாளுக்குத் தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. நாற்பத்தேழு. ஐம்பத்தேழு. பத்துத் திரைகள், பத்து எண்கள். ஒரே வயல், ஒரே விதை, ஒரே காலை.

"திரையில கோதுமைக்கு வச்ச அளவ கனோலாவுக்கு மாத்தினியா?" என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டான்.

"மாத்தணுமா?"

ஒரெஸ்ட் பஹ்ரி மட்டும் அசையாமல் தின்றுகொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிறவர். அவருடைய கம்பைன் அங்கிருந்த சில ஓட்டுநர்களைவிட மூத்தது.

"உங்களுக்கு எவ்வளவு, ஒரெஸ்ட்?" என்றாள் வெர்னா.

"என் மிஷின்ல திரையே கெடையாதும்மா. கண்ணாடி வழியாப் பாப்பேன். நல்லாருந்தா நல்லாருக்கும்பேன். இவனுங்க இத்தனை வருஷமா மேஜையில சொன்ன புஷல எல்லாம் கூட்டினா, கனடாவுல களஞ்சியம் பத்தாது."

சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் முனகியது. வெர்னா போனை எடுத்தாள்.

"சிரிக்க வைக்காதீங்கடா" என்றான் லாயிட். "தையல் வலிக்குது."

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்தபோது வெர்னா மர்வினிடம் போனாள். எப்படிக் கேட்பது என்று அதற்குள் யோசித்து வைத்திருந்தாள். உன் எண் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைச் சேர்த்து நிற்கவைத்தது போல, இரண்டு விதையையும் ஒரே திரைக்கு முன்னால் நிற்கவைத்தால் போதும்.

"மர்வின், உன் புது மிஷின்ல என்னை ஏத்திக்கோயேன். சாப்பாட்டுக்கு ஒத்தாசைக்கு வந்த எலெய்ன் லாரிய ஓட்டறேங்கறா. நான் இன்னும் உள்ள உக்காந்து பாத்ததே இல்ல."

மர்வினுக்கு வாயெல்லாம் பல். ஏணியில் முன்னால் ஏறிப் போய்ப் பக்கத்து இருக்கையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டான்.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"நீ காலையில விட்ட எடத்துலேருந்தே. பட்டைக்கு ஒட்டின நாற்பத்தாறு இருக்கே, அதுல."

இயந்திரம் உறுமிக்கொண்டு பயிருக்குள் போனது. திரையில் எண்கள் துள்ளின. ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு.

மர்வின் திரையைப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். "இது நாற்பத்தாறுதானே?"

"நாற்பத்தாறுதான்."

"நல்லாத்தான் கண்டிருக்கு."

"காலையில பட்டையில கடைசி நடை போனியே, இதுக்கு அடுத்தாப்பல. அப்ப எவ்வளவு காட்டுச்சு?"

மர்வின் திரையில் காலைக் கணக்கைத் தேடினான். பிறகு அவன், "அம்பத்தெட்டு" என்றான். "மரத்துக்கிட்ட அறுபத்தெட்டு. அப்புறம் நடைக்கு நடை கொறஞ்சுகிட்டே வந்துச்சு. சராசரிதான் அறுபத்தொண்ணு."

வெர்னா ஜன்னல் வழியாகச் சாலைப் பக்கம் பார்த்தாள். மேற்கே, வயலின் நீளத்துக்கும், லாயிட்டின் அப்பா நட்ட கரகானா என்ற நெஞ்சுயரப் புதர்மரங்களின் வரிசை புழுதியோடு நின்றது. காற்றைத் தடுக்க நட்டது. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று கொண்டுவரும் பனியெல்லாம் அதைத் தாண்டி விழுந்து வயல் பக்கம் மேடாகக் குவியும். வசந்தத்தில் மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் ஈரம் காயாது. லாயிட் ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் கடைசியாக விதைப்பான். விதை இயந்திரம் புதைகிறது என்று திட்டிக்கொண்டே. இந்த வருஷம் ஜூலையில் மழை பொய்த்தது. அந்தப் பனி மேட்டுத் தண்ணீரைக் குடித்த பயிர் தாங்கியது.

"மரத்தோரம் எதப் போட்டாலும் காணும், இல்ல?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

மர்வின் வயலின் கோடிவரை ஓட்டினான். திருப்பினான். அடுத்த நடையில் ஐம்பத்து நாலு. அதற்கடுத்ததில் ஐம்பத்தொன்று. கிழக்கே குட்டை இருக்கும் பள்ளத்துப் பக்கம், உப்புப் பூத்த மண்ணில், நாற்பத்து மூன்று, நாற்பது. ஒரே இயந்திரம், ஒரே ஓட்டுநர், ஒரே விதை. நிலம் மட்டும் மாறியது.

"அப்ப எழுபத்தொண்ணு ரெண்டு புஷல்தான் கூட" என்றான் கடைசியில்.

"இந்த எடத்துல, இந்த வருஷத்துல. ஒரு நடைய ஒரு நடையோட வச்சுப் பாத்தா. அந்த ரெண்டுகூட உன் திரை அசையற அசைவா இருக்கலாம். நெஜமாவே கூடவும் இருக்கலாம். குட்டைப் பக்கம் அது என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? அங்க நாம அத விதைக்கவே இல்லையே."

"நான் முழு நெலத்துக்கும் சொல்லிட்டேன், வெர்னா."

அவன் குரலில் கோபம் இல்லை. வெர்னா இருக்கையைத் தட்டிப் பார்த்து, "உன் இருக்கை எங்க வீட்டுச் சோபாவ விட நல்லாருக்கு" என்றாள்.

"சோபா விலைக்கு மேலதான் குடுத்திருக்கேன்" என்று மர்வின் சிரித்தான்.

மாலையில் பனி இறங்கத் தொடங்கி, தாள் முறுக்கேறி, அறுக்க முடியாமல் போகும் முன்பே வயல் முடிந்துவிட்டது. பன்னிரண்டு கம்பைன்களையும் சாய்வாக நிறுத்திவைத்துப் படம் எடுத்தார்கள். லாயிட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு தத்தம் வயலுக்கோ வீட்டுக்கோ கிளம்பின.

ஜோயல் மட்டும் போகாமல் நின்றான். அவனும் நாள் முழுக்க வேலை செய்திருந்தான், தலைமுடியெல்லாம் உமி.

"வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அறுபத்தொண்ண நான் கம்பெனி விதைக் கூட்டத்துல சொல்லமாட்டேன். எடை போடாத எண்ண எப்படிச் சொல்றது."

"பட்டைய மரத்தோரமா ஏன் போட்ட?"

"லாயிட்தான் காட்டினார். சாலையிலேருந்து பாத்தா தெரியணும்னு நானும் ஒத்துக்கிட்டேன். எல்லா ஊர்லயும் சாலையோரமாத்தான் போடறோம்." சட்டையிலிருந்து உமியைத் தட்டினான். "ஆனா புத்தகத்துல இருக்கற சோதனைப் பாத்தி எண்ணு பொய் இல்ல. பல எடத்துல விதைச்சு, ஒவ்வொரு எடத்துலயும் நாலு முறை எடம் மாத்திப் போட்டு, எடை போட்டு எடுத்தது."

"பொய்யின்னு நான் சொல்லல. அந்தப் பாத்தி எவ்வளவு பெருசு?"

"இந்த லாரி ரெண்டு நீளம் இருக்கும்."

"எப்ப அறுப்பாங்க?"

"முத்தின நாள் பாத்து."

"எங்க பயிர், முத்தின நாள்லேருந்து பத்து நாள், பதினஞ்சு நாள் நிக்கும் ஜோயல். எங்ககிட்ட ஒரு கம்பைன்தானே. காத்தடிக்கும். காய் வெடிச்சுக் கொட்டும். உங்க பாத்திக்குக் காத்தே தெரியாது."

ஜோயல் தலையைத் தடவினான். உமி பறந்தது. "அது நெசம்தான். பாத்தி எந்த விதைக்கு எவ்வளவு தெம்பு இருக்குன்னு சொல்லும். உங்க வயல்ல அதுல எவ்வளவு வீட்டுக்கு வரும்னு சொல்லாது."

"அப்ப எனக்கு ரெண்டும் வேணும். பாதி நிலத்துக்கு எழுபத்தொண்ணு, பாதிக்கு நாற்பத்தாறு. எழுதிக்கோ."

"பாதி பாதியா? மேக்கே ஒண்ணு, கிழக்கே ஒண்ணா?"

"அதான் கூடாதுங்கறேன். பட்டை பட்டையா, மாத்தி மாத்தி. எல்லாப் பட்டையும் மரத்துலேருந்து குட்டை வரைக்கும் போகணும். நல்ல மண்ணும் உப்பு மண்ணும் ரெண்டுக்கும் சமமாப் போகட்டும். அறுத்ததத் தனித்தனியா ஊர்த் தானியக் கிடங்குத் தராசுல போட்டுக்கறேன். யார் திரையும் வேண்டாம்."

ஜோயல் எழுதிக்கொண்டான். மறுநாள் மர்வினும் தனக்குச் சொன்னதில் பாதியைக் குறைத்தான் என்பது வெர்னாவுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

வசந்தத்தில் லாயிட் வெளியே நடமாடுகிற அளவுக்குத் தேறியிருந்தான்; ஆனால் பாரம் தூக்கக்கூடாது. விதைத்தது வெர்னாதான். அந்த வயலை எப்போதும் சாலைக்கு இணையாகத்தான் விதைப்பார்கள். இப்போது அவள் குறுக்கே ஓட்டினாள். ஒவ்வொரு பட்டைக்கும் விதைப்பெட்டியைக் காலி செய்து, துடைத்து, மாற்ற வேண்டியிருந்தது. லாயிட் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்து, பொறுக்காமல் கண்ணாடியை இறக்கினான்.

"இப்படியே போனா ஜூன்லதான் முடிப்ப!"

"கவலைப்படாதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

கண்ணாடி மேலேறியது.

அந்த வருஷ அறுப்பில் கிடங்குத் தராசு சொன்னது இதுதான். இரண்டு விதைக்கும் மொத்தத்தில் ஒரு புஷல்தான் வித்தியாசம், எழுபத்தொன்று மேலே. ஆனால் ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு அறுத்த பட்டைகளில் அது கீழே. அதன் காய் சீக்கிரம் வெடித்தது. காற்றுக்கு முன் அறுத்ததில் நன்றாகவே முந்தியிருந்தது. கூடுதல் விலையைக் கழித்தால் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் அறுக்க முடிகிற இடத்தில் எழுபத்தொன்று, காத்திருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு என்று வெர்னா பிரித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக் காற்றை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதால், பட்டைகளை இன்னொரு வருஷமும் போடுவது என்று வைத்துக்கொண்டாள்.

காபி மேஜையில் யாராவது விதையைப் பற்றிக் கேட்டால் லாயிட் இப்போது கையை விரிக்கிறான். "என்னைக் கேக்காதே. அது அவ இலாகா."

குளிர்காலத்தில் ஜோயல் புதுப் புத்தகத்தோடு வந்தான். இந்த முறை எண்பத்து மூன்று என்று ஒரு ரகம். காலணியைக் கழற்றிவிட்டு அடுக்களை மேஜையில் உட்கார்ந்தவன், லாயிட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, புத்தகத்தை வெர்னா பக்கம் நகர்த்தினான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்:

"சோதனை போட்டது மரம் இல்லாத எடம், வெர்னா. நானே நடந்து பாத்தேன். அறுக்கறதுக்கு முன்னாடி பன்னெண்டு நாள் நிக்க விட்டோம்."

"காத்தடிச்சுதா?"

ஜோயல் பெருமூச்சு விட்டான். "இல்ல. ஒரு நாள்கூட அடிக்கல."

"சரி" என்றாள் வெர்னா, புத்தகத்தைத் திறந்தபடி. "ரெண்டு பட்டை போட்டுப் பாப்போம்."